சராசரியும் நிறையும்: ஒரு பரீட்சைக் கணக்கின் உட்பொருள்

இலக்கிய ஆய்விலே ஈடுபட்டோர் கணிதத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளித்தல் கூடும். ஆயின் 'சராசரி' என்னுஞ் சொல்லை நம்மவர்போலக் கவலையின்றிக் கையாள்வோர் பிற துறைகளில் அரியர். 'சராசரி வாசகன்', 'சராசரி மனிதன்', 'சராசரித் தரமுடைய சிறுகதை' என்று நாம் எழுதிச் செல்கிறோம். அந்த வாசகன் எத்தனை பேரைக் கூட்டி, எதனால் வகுத்துப் பெறப்பட்டவன் என்று எவருங் கேட்பதில்லை; நாமும் சொல்வதில்லை. இக்கட்டுரை அவ்வினாவை அதன் மிக எளிய வடிவில், அதாவது பரீட்சை வினாத்தாளில் வருங் கணக்கின் வடிவில், எடுத்துக்கொள்கிறது.

அண்மையில், போட்டிப் பரீட்சை ஒன்றுக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த கலைப்பிரிவு மாணவர் சிலருக்கு உதவும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. உளச்சார்பு வினாத்தாள்களில் வழக்கமாக இடம்பெறும் வினா ஒன்றை அவர்களிடம் கொடுத்தோம். ஒரு வகுப்பில் 30 மாணவர். அவர்கள் பெற்ற புள்ளிகளின் சராசரி 60. மற்றொரு வகுப்பில் 20 மாணவர். அவர்களின் சராசரி 45. இரு வகுப்பினரையும் ஒன்றாகக் கொண்டால் சராசரி யாது? பெரும்பாலோர் 60ஐயும் 45ஐயுங் கூட்டி இரண்டால் வகுத்து 52.5 என விடையெழுதினர். இவர்கள் கூட்டவும் வகுக்கவும் அறியாதவரல்லர். பழந்தமிழ் இலக்கணத்தின் நுட்பங்களை விளக்க வல்லவர்கள். எனவே இத்தவற்றைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அதற்கு ஒரு காரணம் உண்டு, அக்காரணம் ஆராயத்தக்கது.

முதலிற் கணக்கைச் செய்து முடிப்போம். முதல் வகுப்பார் பெற்ற மொத்தப் புள்ளி 30 × 60 = 1800. இரண்டாம் வகுப்பார் பெற்றது 20 × 45 = 900. இரண்டுஞ் சேர்ந்து 2700. மாணவர் தொகை 50. ஆகவே சராசரி 2700 ÷ 50 = 54. இதுவே நிறையேற்றிய சராசரி எனப்படுவது. ஒவ்வோர் அளவையும் அதற்குரிய நிறையாற் பெருக்கி, பெருக்கங்களைக் கூட்டி, வந்த தொகையை நிறைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தல் வேண்டும். இங்கு மாணவர் தொகைகளே நிறைகள்.

52.5 என எழுதிய மாணவர் செய்தது யாது? அவர்கள் நிறையேற்றாது விட்டனர் என்று சொல்வது வழக்கம். அது சரியன்று. அவர்களும் நிறையேற்றியே உள்ளனர். இரு வகுப்புகளுக்குஞ் சமமான நிறையை ஏற்றியுள்ளனர். முப்பது பேர் கொண்ட வகுப்பும் ஒன்று, இருபது பேர் கொண்ட வகுப்பும் ஒன்று. மாணவரை எண்ணவேண்டிய இடத்தில் அவர்கள் வகுப்புகளை எண்ணினர். நிறையற்ற சராசரி என்று ஒன்று இல்லை. சாதாரண சராசரி என்பது, சமநிறையை வாய்திறவாது எடுத்துக்கொண்ட சராசரியேயாகும். இதனை விளங்கிக்கொண்ட மாணவன் இவ்வகைக் கணக்கிற் பாதியை விளங்கிக்கொண்டவனாவான். எதனை எண்ணுகிறோம் என்ற வினா எழாதவிடத்து எண்ணப்படுவது பெரும்பாலும் தவறான பொருளாகவே அமைந்துவிடுகிறது.

விடையைச் சரிபார்க்க மற்றொரு வழியுமுண்டு. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் துலா மிதித்தோரைக் கண்ட முதியவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். அச்சிலிருந்து தள்ளிச் செல்லச் செல்ல மிதிப்பவரின் நிறை கூடுதலாக வேலை செய்யும். 54 என்ற இடத்தை அச்சாகக் கொள்வோம். 60 அதற்கு ஒரு பக்கத்தில் 6 அலகு தள்ளியிருக்கிறது. அங்கு நிற்போர் 30 பேர். 45 மறுபக்கத்தில் 9 அலகு தள்ளியிருக்கிறது. அங்கு நிற்போர் 20 பேர். 30 × 6 = 180; 20 × 9 = 180. துலா சமநிலையில் நிற்கிறது. நிறை மிகுந்த பக்கத்துக்கே சராசரி அண்மையிலிருக்கும் என்பது இதனாற் பெறப்படும். விடை எப்பக்கஞ் சாயவேண்டும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கத் தெரிந்த மாணவன், பல்தேர்வு வினாவிலே தரப்படும் ஐந்து விடைகளுள் இரண்டு மூன்றை எழுதுகோல் தொடாமலே நீக்கிவிடுவான்.

இக்கணக்கு மேல்நாட்டார் கொண்டுவந்த புதுமை எனச் சிலர் கருதுவதுண்டு. பொன்வணிகர் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவில் இயற்றிய 'லீலாவதி'யிலே பொன்கணக்கு எனத் தனிப் பகுதியே உண்டு. அதில் வருங் கணக்கொன்று இது: 13 மாற்றுள்ள பொன் 10 மாசை, 12 மாற்றுள்ளது 4 மாசை, 11 மாற்றுள்ளது 2 மாசை, 10 மாற்றுள்ளது 4 மாசை ஆகியவற்றை உருக்கி ஒன்றாக்கினால் மாற்று எவ்வளவாகும்? 130, 48, 22, 40 ஆகிய பெருக்கங்களைக் கூட்ட 240 வரும். மொத்த நிறை 20 மாசை. ஆகவே மாற்று 12. நான்கு மாற்றுகளையும் வெறுமனே கூட்டி நான்கால் வகுத்தால் 11½ வரும். அவ்வாறு கணக்கிட்ட தட்டான் அரை மாற்றை இழப்பான். நம் மாணவர் இழந்தது ஒரு புள்ளி. தட்டானுக்கோ பிழைப்பே போய்விடும். பாஸ்கரர் அவ்விடத்தோடு நில்லாது, அந்த 20 மாசையைப் புடமிட்டு 16 மாசையாகக் குறைத்தால் மாற்று என்னவென்றுங் கேட்கிறார். 240ஐ 16ஆல் வகுக்க 15. தூய பொன்னின் அளவு மாறவில்லை, வகுக்கும் எண் மாத்திரமே மாறியது என்பதை அவ்வினா உணர்த்துகின்றது. 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று குணச்சிறப்பைப் புகழ்கின்ற நமது வழக்கிற் கூட இத்தொழிற்கணக்கின் சுவடு உண்டு. நிறை, மாற்று என்பன ஏட்டிற் பிறந்த சொற்களல்ல; தராசுக்கும் உரைகல்லுக்கும் அருகிற் பிறந்தவை.

இனி மாணவரை மிகுதியும் இடர்ப்படுத்தும் வகையைக் காண்போம். ஒருவர் 120 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஊருக்கு மணிக்கு 40 கிலோமீற்றர் கதியிற் சென்று, 60 கிலோமீற்றர் கதியில் திரும்புகிறார். முழுப் பயணத்தினதுஞ் சராசரிக் கதி என்ன? போன தூரமும் வந்த தூரமுஞ் சமம். ஆதலால் நிறைகளுஞ் சமம். எனவே விடை 50 என மாணவர் வாதிப்பர். இவர்கள் முந்திய பாடத்தைக் கற்றவர்கள் என்பதையுங் கவனிக்க வேண்டும். நிறை வேண்டும் என்பதை அறிந்திருக்கின்றனர். எது நிறை என்பதிலேதான் தவறுகின்றனர். போவதற்கு எடுத்த நேரம் 3 மணி. வருவதற்கு எடுத்த நேரம் 2 மணி. 240 கிலோமீற்றரை 5 மணியால் வகுக்கக் கிடைப்பது 48. ஓடியவர் மெதுவான கதியிலேயே அதிக நேரத்தைக் கழித்தார். ஆகவே சராசரியும் அப்பக்கஞ் சாய்ந்தது.

இதிலிருந்து ஒரு விதியைப் பெறலாம். நமது அநுபவத்தில் இந்த ஒரு விதியே மாணவரை ஏனைய எல்லாச் சூத்திரங்களிலும் பார்க்கக் கூடுதலாகக் காத்துள்ளது. சராசரி காணவேண்டிய அளவு எப்போதும் ஒரு வீதமாகவே இருக்கும்: மாணவன் ஒருவனுக்கு இத்தனை புள்ளி, மணிக்கு இத்தனை கிலோமீற்றர், கிலோவுக்கு இத்தனை ரூபா. அந்த வீதத்தின் பகுதியெண்ணில் நிற்கும் பொருள் எதுவோ அதுவே நிறை. புள்ளிக்கு மாணவன், கதிக்கு நேரம், விலைக்குக் கிலோ. 'மணிக்கு', 'கிலோவுக்கு' என்று தமிழிற் கூறும்போது நான்காம் வேற்றுமை ஏற்று வரும் பெயரே நிறை என்று மாணவருக்குச் சொன்னோம். இலக்கணம் பயின்றவர்களாதலின் அவர்கள் அதனை உடனே பற்றிக்கொண்டனர். கணித ஆசிரியர்கள் இவ்வுபாயத்தைக் கண்டு நகைப்பாராயின் நகைக்கட்டும்.

விதியைச் சோதித்துப் பார்ப்போம். கிலோ 200 ரூபா அரிசியை 2000 ரூபாவுக்கும், கிலோ 250 ரூபா அரிசியை 2000 ரூபாவுக்கும் ஒருவர் வாங்குகிறார். செலவிட்ட பணஞ் சமம் என்பதாற் சராசரி விலை 225 ஆகாது. நிறையாக நிற்க வேண்டியது கிலோ. முதலாவது 10 கிலோ, இரண்டாவது 8 கிலோ. 4000 ரூபாவை 18 கிலோவால் வகுக்க ஏறத்தாழ 222 ரூபா 22 சதம். இரண்டிலும் பத்துப் பத்துக் கிலோவாக வாங்கியிருப்பின் 225 சரியாகவே இருந்திருக்கும். வினாவிலே 'சமம்' என்ற சொல் வருமிடத்து, எது சமம் என்று பார்த்தல் வேண்டும். வினாத்தாள் அமைப்போர் பொறி வைப்பதும் பெரும்பாலும் அச்சொல்லிலேயே.

நிறை வெளிப்படையாகவே தரப்படும் கணக்குகள் இலகுவானவை. தொடர் மதிப்பீட்டுக்கு 40 சதவீதம், இறுதிப் பரீட்சைக்கு 60 சதவீதம். முன்னதில் 55 பெற்றவர் மொத்தம் 64 பெறுவதற்குப் பின்னதில் எவ்வளவு பெறவேண்டும்? 55இன் 40 சதவீதம் 22. மீதி 42. அதனை 0.6ஆல் வகுக்க 70. இதற்கு மேல் இதிற் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நிறைகள் எங்கிருந்து வருகின்றன என்பது வேறொரு வினா. பரீட்சைத்தாளில் அவை தரப்படுகின்றன. உலகில் அவை உருவாகின்றன. மார்க்ஸின் 'மூலதனம்' மூன்றாம் பாகம் எங்கெல்சினாற் பதிப்பிக்கப்பெற்று 1894இல் வெளிவந்தது. அதிற் பொது இலாபவீதம் உருவாகுமாற்றை விளக்குமிடத்து மார்க்ஸ் நம் வகுப்பறைக் கணக்கையே செய்கிறார் என்பது பலராலுங் கவனிக்கப்படுவதில்லை. நான்கு உற்பத்தித் துறைகளின் இலாபவீதங்கள் 25, 40, 15, 10 சதவீதம் எனக் கொண்டால், அவற்றின் சாதாரண சராசரி 22½. ஆயின் அத்துறைகளில் இடப்பட்ட மூலதனங்கள் முறையே 200, 300, 1000, 4000 ஆயின் இலாபங்கள் 50, 120, 150, 400 ஆகும். 5500 மூலதனத்துக்கு மொத்த இலாபம் 720. எனவே சராசரி வீதம் 13 1/11 சதவீதமே. இலாபவீதம் குறைந்த துறையிலேயே மூலதனத்தின் பெரும்பகுதி தங்கியிருப்பதால் 22½ இவ்வளவு கீழே இறங்கிவிட்டது. நமது விதிப்படி பார்ப்பினும் இதுவே பெறப்படும்: இலாபவீதம் மூலதனத்துக்கு இத்தனை என்பதாகும், ஆதலின் மூலதனமே நிறை. பொது வீதத்தைத் தீர்மானிப்பவை இரண்டு என்று இதனால் ஏற்படுகிறது: ஒவ்வொரு துறையின் வீதம் ஒன்று, மொத்த மூலதனம் அத்துறைகளிடையே பங்கிடப்பட்டுள்ள விதம் மற்றொன்று. எந்தத் துறையிலும் வீதம் மாறாதிருக்க, பங்கீடு மாத்திரம் மாறினாலும் சராசரி மாறும். பொருளியலைப் பற்றி எழுதும் நம் நண்பர்கள் சிலர் முதலாவதை மாத்திரம் பேசி இரண்டாவதை மறந்துவிடுகின்றனர்.

பங்கீடு தனித்து நின்று எவ்வளவு செய்யவல்லது என்பதற்கு அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு பட்டப்பின்படிப்புக்கு நடந்த அநுமதி நல்ல சான்றாகும். பல்கலைக்கழகம் முழுவதையும் நோக்கியபோது விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 சதவீதத்தினரும் பெண்களில் 35 சதவீதத்தினரும் அநுமதி பெற்றிருந்தனர். இதனை ஆராய்ந்து பிக்கெல், ஹாமெல், ஓ'கொனெல் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை 1975இல் வெளிவந்தது. பின்னர் பாடநூல்களில் இடம்பெற்ற ஆறு பெரிய துறைகளின் தரவுகளுள் இரண்டை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். துறைகளின் பெயர்கள் அங்கு தரப்படவில்லை, எழுத்துக்களே உள்ளன. முதலாந் துறைக்கு விண்ணப்பித்த 825 ஆண்களில் 512 பேரும் 108 பெண்களில் 89 பேரும் தெரிவாயினர். ஆண்களில் 62 சதவீதம், பெண்களில் 82 சதவீதம். ஆறாந் துறைக்கு விண்ணப்பித்த 373 ஆண்களில் 22 பேரும் 341 பெண்களில் 24 பேரும் தெரிவாயினர். ஆண்களில் 6 சதவீதம், பெண்களில் 7 சதவீதம். இரு துறைகளிலும் பெண்களின் வீதமே உயர்ந்தது. இப்போது இரண்டையுஞ் சேர்ப்போம். ஆண்கள் 1198 பேரில் 534 பேர், அதாவது 44.6 சதவீதம். பெண்கள் 449 பேரில் 113 பேர், அதாவது 25.2 சதவீதம்.

இக்கணக்கிற் கூட்டற்பிழை எதுவுமில்லை. ஒவ்வொரு துறையிலும் முன்னின்றவர்கள் மொத்தத்திற் பின்தள்ளப்பட்டமைக்குக் காரணம் நிறையே. ஆண்களின் பெருந்தொகை அநுமதி இலகுவான துறையிலும், பெண்களின் பெருந்தொகை அநுமதி அரிதான துறையிலும் நின்றது. துறைகள் பாரபட்சங் காட்டவில்லை என்று சிலர் இதனைக் கொண்டு மகிழ்வர். நாம் அவ்வாறு மகிழ்வதற்கில்லை. பெண்கள் ஏன் அந்நெருக்கமான வாயிலின் முன் திரண்டனர் என்பது விண்ணப்பப் படிவத்தில் விடை கிடைக்கும் வினாவன்று. அந்த ஆய்வாளரே, பெண்கள் பள்ளிப் பருவந் தொட்டே இடங்கள் குறைந்த துறைகளை நோக்கிச் செலுத்தப்படுவதைச் சுட்டினர். அநுமதிக் குழு கூடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே நிறைகள் நிருணயிக்கப்பட்டுவிட்டன.

நமது நாட்டிலே நிறையேற்றிய சராசரி அன்றாட வாழ்வைத் தொடும் இடம் நுகர்வோர் விலைச் சுட்டெண்ணாகும். 1952ஐ அடியாண்டாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், கொழும்பு நகரத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுகளை 1949-50இல் ஆராய்ந்து பெற்ற நிறைகளைக் கொண்டது. உணவு 61.9, உடை 9.4, எரிபொருளும் வெளிச்சமும் 4.3, வாடகை 5.7, ஏனையவை 18.7. கூட்டினால் நூறு. ஒரு காலத்துத் தொழிலாளர் வாழ்க்கை இந்த ஐந்து எண்களிலே தெரிகிறது: உழைத்த நூறு ரூபாவில் அறுபத்திரண்டு ரூபா வயிற்றுக்கே போயிற்று. நாவலாசிரியர் ஒருவர் பல பக்கங்களிற் சொல்வதை இந்நிரல் ஒரு வரியிற் சொல்கிறது. ஆனால் 2007இற் புதிய சுட்டெண் வரும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக, வாழ்க்கை மாறியும் அந்நிறைகள் மாறாதிருந்தன என்பதையும் மறத்தலாகாது.

இறுதியாக, நாம் அம்மாணவருக்குக் கொடுத்த கடைசிக் கணக்கைத் தருகிறோம். 2022 செப்டெம்பரில், கொழும்புச் சுட்டெண்ணின்படி, முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுகையில் விலைகள் 69.8 சதவீதம் உயர்ந்தன. உணவுப் பொருள்கள் மாத்திரம் 94.9 சதவீதம் உயர்ந்தன, உணவல்லாதவை 57.6 சதவீதம் உயர்ந்தன. இச்சராசரியில் உணவின் நிறை யாது?

துலாவை நினைவுகூர்க. 69.8 அச்சு. உணவு 25.1 அலகு தள்ளியிருக்கிறது, உணவல்லாதவை 12.2 அலகு தள்ளியிருக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட முழுத் தூரம் 37.3. உணவின் நிறை 12.2 ÷ 37.3, ஏறத்தாழ 33 சதவீதம். அப்போது வழங்கிய சுட்டெண்ணின் அடியாண்டு 2013. அவ்வாண்டுக்குரிய உணவின் நிறை ஏறத்தாழ 28. உணவு விலை ஏனையவற்றிலும் வேகமாக ஏறிவந்தமையால், 2021ஐ அடைகையில் அது 33 ஆயிற்று எனக் கொள்ளலாம். வெளியிடப்பட்ட மூன்று எண்களிலிருந்து, உடன் சொல்லப்படாத நான்காவது எண்ணை இவ்வாறு வெளிக்கொணர முடிகிறது. மாணவர் இதனைச் செய்து முடித்தபோது அவர்களிடத்துக் காணப்பட்ட உற்சாகம் சரியான விடை கண்ட உற்சாகம் மாத்திரமன்று.

அவர்களுள் ஒரு மாணவி எழுந்து, தன் வீட்டில் உணவுக்கு மூன்றிலொரு பங்கு போதாது, நூற்றுக்கு அறுபதாவது செல்லும் என்றார். அவ்வாறாயின் நிறையை மாற்றிக் கணக்கிடும்படி கூறினோம். அவர் கரும்பலகையில் எழுதினார்: 0.6 × 94.9 = 56.94, 0.4 × 57.6 = 23.04, கூட்ட 79.98. அரசாங்கத்தின் எண் 69.8, அவ்வீட்டின் எண் 80. இரண்டும் ஒரே மாதத்துக்கு, ஒரே கடைகளின் விலைகளைக் கொண்டு, ஒரே சூத்திரத்தாற் பெறப்பட்டவை.